கிணற்றுக் கிரேனுக்கு ஒரு நாக்கு

பட்டறைக்காரர்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கு வந்தார்கள். என்ன எழுத வேண்டும் என்பதையும் அவர்களே முடிவு செய்து கொண்டுவந்திருந்தார்கள். "ஒரே ஒரு பீஸ் வேணும்னு வர்ற வேலைய லேசர்ல வெட்டுறதா, வாட்டர் ஜெட்ல வெட்டுறதா? ஒங்க அனுபவத்துல இருந்து சொல்லுங்கய்யா" என்றார்கள்.

என் அனுபவத்தில் லேசர் என்றால் மதுரையில் கண் ஆஸ்பத்திரி. வாட்டர் ஜெட் என்றால் எங்கள் தெருவில் குடிதண்ணீர்க் குழாய் உடைந்த அன்று பார்த்தது. அதைச் சொன்னால் மரியாதை போய்விடும் என்று தாடையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் விளக்கினார்கள். லேசர் சூட்டால் வெட்டுமாம், வேகம். வாட்டர் ஜெட் தண்ணீரையும் மணல் மாதிரி ஒரு தூளையும் சேர்த்து அடித்து வெட்டுமாம். மெதுவு, ஆனால் இரும்புக்குச் சூடு ஏறாது.

"அட, சூடா குளிரா, அதானே கேக்குறீக? அது எனக்குத் தெரியுமே" என்றேன். வாய் கொடுத்தாயிற்று. எழுதத்தான் வேண்டும்.

நான் தேனியில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தது அறுபதுகளின் கடைசியில். முதல் இரண்டு வருடம் என் உத்தியோகம், லேத்துக்கு அடியில் விழும் இரும்புச் சுருளை அள்ளுவது, டீ வாங்குவது, வாங்கிய டீயில் இரும்புத்தூள் விழுந்தால் திட்டு வாங்குவது. மூன்றாம் வருடம் இரும்பு அறுக்கிற ஹேக்சா பிளேடைப் பிடிக்க விட்டார்கள். நான்காம் வருடம் கேஸ் கட்டிங் துப்பாக்கி கைக்கு வந்தது. அந்தக் காலத்தில் கேஸ் சிலிண்டரில் வராது. டிரம்மில் கார்பைடு கல்லைப் போட்டுத் தண்ணீர் விட்டு நாங்களே தயாரிக்க வேண்டும். அந்தப் பூண்டு நாற்றம் சட்டையை விட்டுப் போகாது. பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட் எப்போதும் காலியாக இருக்கும். அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பட்டறையின் மேஸ்திரி உத்தமபாளையத்து ராவுத்தர். காதில் பீடி வைத்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர் காதில் சாக்பீஸ் இருக்கும். சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. ஆனால் ஒரு சூட்சுமம் உண்டு. "ஏலே பாண்டி" என்று கூப்பிட்டால் மனசு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். "தம்பி, கொஞ்சம் வாங்க" என்றால் முடிந்தது கதை. பன்மை வந்துவிட்டால் நான் பாத்ரூம் பக்கம் போய்விடுவேன்.

எந்த வேலை வந்தாலும் முதலில் இரும்பைக் கையில் வாங்குவார். சாணைக் கல்லில் ஒரு ஓரத்தை லேசாகத் தொட வைத்துப் பொறியைப் பார்ப்பார். சாதா இரும்பு என்றால் பொறி நீளமாக, கோடு கோடாகப் போகும். லாரிக்கு அடியில் இருக்கிற வில்லுப் பட்டை மாதிரி உரமான இரும்பு என்றால் மத்தாப்பு மாதிரி நுனியில் வெடித்துப் பூக்கும். அதைப் பார்த்த பிறகு, "இது எங்க போயி ஒக்காரப் போகுது? என்னத்தத் தாங்கப் போகுது?" என்று வந்தவரிடம் இரண்டு கேள்வி. அப்புறம்தான் காதில் இருந்து சாக்பீஸ் இறங்கும். இரும்பின் மேல் 'சூ' என்று எழுதினால் கேஸில் வெட்டலாம். 'கு' என்று எழுதினால் குளிர்ந்த வெட்டு: ஹேக்சா, டிரில்லிங், உளி, அரம். 'சூ' அஞ்சு நிமிஷம். 'கு' ஒரு நாள், சமயத்தில் இரண்டு நாள், கூடவே தோள்வலி.

எனக்கு எந்த எழுத்து பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ராவுத்தர் எழுதுவதற்கு முன்னால் நானே முந்திக்கொண்டு வெட்டிய கதைகளும் உண்டு. பெரியகுளம் ரோட்டில் ஒரு புரோட்டாக் கடைக்காரர் வட்டமாக ஒரு கல் கேட்டார். கல் என்றால் இரும்புத் தகடுதான். கொஞ்சம் மெல்லிசான தகடு. கேஸில் ஒரே சுற்று, வட்டம் தயார். சூட்டில் தகடு நெளிந்து நடுவில் குழிந்ததை நான் கவனிக்கவில்லை. மறுநாள் கடைக்காரர் வந்து நின்றார். "ஏப்பா, முட்டைய எங்கன ஊத்துனாலும் நடுவுல ஓடிப்போயி ஒளிஞ்சுக்கிருது. ஆறு ஆம்லெட் ஊத்துனேன், ஒரே ஆம்லெட்டா வந்துருச்சு" என்றார். கடைசியில் அதைப் பணியாரத்துக்கு வைத்துக்கொண்டார் என்று கேள்வி.

எதிர்ப் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் புரோட்டாவுக்குப் பிறகு பயந்துபோய், கெங்குவார்பட்டித் தோட்டம் ஒன்றின் கேட்டுக்கு வைக்கிற சாதாக் கனத் தகட்டை மூன்று நாள் ஹேக்சாவில் அறுத்தேன். ராவுத்தர் பார்த்துவிட்டு, "ஏலே, கேட்டு என்ன கல்யாணமா பண்ணப் போகுது? கேஸ்ல வெட்டி வீசு" என்றார். குளிர் எப்போதும் உசத்தி என்று நினைப்பதும் மடத்தனம்தான்.

இனி நாக்கின் கதை.

நம் பள்ளத்தாக்கில் கோடையில் கிணற்றுத் தண்ணீர் இறங்கினால் கிணற்றை ஆழப்படுத்துவார்கள். மேலே கை கிரேன் ஒன்றை நிறுத்துவார்கள். நாலு பேர் கைப்பிடியைச் சுற்ற, கம்பி வடம் உருளையில் சுற்றிக்கொண்டு, கல் நிரம்பிய இரும்புத் தொட்டியை மேலே தூக்கும். சுற்றுகிறவர்கள் கை ஓய்ந்தால் தொட்டி கீழே போய்விடக் கூடாது அல்லவா? அதற்காக உருளையின் பக்கத்தில் ஒரு பல்சக்கரம் இருக்கும். அதன் பல்லுக்குள் ஒரு இரும்புத் துண்டு ஒவ்வொன்றாக விழுந்து பிடித்துக்கொண்டே வரும். உள்ளங்கை நீளம்தான். அதை நாக்கு என்போம். தொட்டி, கல், கீழே வேலை செய்கிற ஆட்களின் தலை எல்லாமே அந்த நாக்கை நம்பித்தான்.

எழுபதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். ராவுத்தர் தங்கச்சி மகள் கல்யாணத்துக்குக் கம்பம் போயிருந்தார். காலையில் மூக்கையா என்று என் வயசுக்காரர் ஒருவர் துண்டில் எதையோ பொதிந்துகொண்டு வந்தார். பிரித்தால் தேய்ந்து முறிந்துபோன ஒரு நாக்கு. கோம்பைப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டக் கிணற்றில் வேலையாம். நல்லவேளையாக, முறிந்தபோது தொட்டி காலியாம்.

"இன்னும் நாலடி தோண்டுனா ஊத்துக்கண்ணு தட்டிரும். கொடியெல்லாம் வாடிக்கிட்டு கெடக்கு. மூணு நாளுக்கு மேல தோட்டம் தாங்காதுன்னு மொதலாளி சொல்றாக. எங்கக்காதான் கெணறு வெட்டுற செட்டுக்குத் தலைவி. நாக்கு இல்லாம இங்கன வராதன்னு சொல்லி அனுப்பிச்சிருக்கு" என்றார் மூக்கையா.

ராவுத்தர் இல்லை. சாக்பீஸ் மேஜை மேல் இருந்தது. பழைய லாரி வில்லுப் பட்டை ஒன்று மூலையில் கிடந்தது. நல்ல கனம். அதை எடுத்து மேலே பழைய நாக்கை வைத்து வரைந்தேன். பொறி பார்க்கவில்லை. இரண்டு கேள்வியும் கேட்கவில்லை. பதில்தான் மூக்கையாவே சொல்லிவிட்டாரே. கண்ணை மூடிக்கொண்டு 'சூ' என்று எழுதினேன். எழுத்துகூட ராவுத்தர் எழுதுவது மாதிரியே அழகாக வந்தது.

அஞ்சு நிமிஷத்தில் வெட்டினேன். அச்சில் மாட்டுகிற ஓட்டையையும் கேஸிலேயே ஊதினேன். அடுத்துச் செய்ததுதான் என் முத்திரை. சிவக்கச் சிவக்க இருந்த துண்டைக் குறட்டில் தூக்கி, மூக்கையா நன்றாகப் பார்க்கும்படி ஒரு சுற்றுக் காட்டி, தண்ணீர்த் தொட்டியில் முக்கினேன். சுர்ர்ர்ர் என்று ஆவி கிளம்பியது. வேலை கொடுக்க வருகிறவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டால்தான் திருப்தி. தாளிக்காத சாம்பாரை யார் சாப்பிடுவார்கள்?

"யாத்தே!" என்றார் மூக்கையா, வாயைப் பிளந்துகொண்டு.

ஓரத்தைச் சரிபண்ண அரத்தை வைத்தேன். அரம் பிடிக்கவில்லை. கண்ணாடி மேல் நகம் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. இரும்பு அரத்தைவிடக் கெட்டியாகிவிட்டது என்று அதற்கு அர்த்தம். அது எனக்குத் தெரியும். அஞ்சாறு வருஷம் ராவுத்தர் பக்கத்தில் நின்றவனுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் சுர்ர் சத்தத்துக்கு வாயைப் பிளந்த ஒரு மனிதர் எதிரில் நிற்கும்போது, அரம் சொல்வதை யார் கேட்கிறார்கள்? சாணையில் நாலு தேய்ப்பு தேய்த்து, கறுப்புப் பெயிண்ட் ஒரு கை அடித்தேன்.

நானே வந்து பொருத்தித் தருகிறேன் என்று அவருடன் பஸ் ஏறினேன். திராட்சைத் தோட்டம் என்பதால் வந்த கடமை உணர்ச்சி. பஸ்ஸில் என் பூண்டு வாசனையைப் பொருட்படுத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்த முதல் மனிதர் மூக்கையாதான். அவரே வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். "கீழ நானும் எங்க மச்சானுந்தேன் எறங்குவோம். மக இப்பத்தேன் நடக்கப் பழகுது" என்றார். அரம் வழுக்கிய சத்தம் கோம்பை வரைக்கும் காதில் கேட்டது.

கிணற்று மேட்டில் மூக்கையாவின் அக்கா பேச்சியம்மா நின்றிருந்தார். முழங்கைக்கு மேல் ரவிக்கையைச் சுருட்டிவிட்டு, தலையில் சும்மாடு. கிரேனுக்கு அடியில் ஒரு கோம்பை நாய் கட்டிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் அது எழுந்து நின்றது. அதற்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நாக்கை மாட்டினேன். அழகாகப் பொருந்தியது. கையைத் தட்டிக்கொண்டு, "முடிஞ்சதுக்கா" என்றேன்.

"செஞ்சவுக யாரு?"

"நாந்தேன்."

"அப்பத் தொட்டியில ஏறுங்க தம்பி."

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அந்தக் கிணற்று செட்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. கிரேனில் எதை யார் பழுது பார்த்தாலும், முதல் தொட்டியில் அவர்தான் இறங்க வேண்டும். பாதி ஆழத்தில் நிறுத்துவார்கள். சுற்றுகிற நாலு பேரும் கைப்பிடியை விட்டுவிட்டு, மேலே கையைத் தட்டுவார்கள். தட்டுகிற சத்தம் எதற்கென்றால், இப்போது உன்னைப் பிடித்துக்கொண்டிருப்பது நாங்கள் இல்லை, நீ செய்த சாமான்தான் என்று தொட்டியில் இருப்பவருக்குத் தெரிவிக்க.

நான் ஸ்டூல் மேல் ஏறினாலே சுவரைப் பிடித்துக்கொள்கிற ஆள். எட்டிப் பார்த்தேன். அறுபது அடிக்குக் கீழே கல்லும் இருட்டும்.

"மொதல்ல கல்ல ஏத்திப் பாப்பமேக்கா" என்றேன்.

"கல்லு என்னைக்கித் தம்பி பொய் சொன்னதுக்குப் பயந்துச்சு? நீங்க ஏறுங்க. கூச்சப்படாதீக."

ஒரு காலைத் தொட்டிக்குள் வைத்துவிட்டேன். வைத்த கால் தானாக வெளியே வந்தது. "அக்கா, அரம் வழுக்குச்சு" என்றேன்.

"என்னாது?"

"அரம் போட்டேன், பிடிக்கல. நாக்கு ரொம்பக் கெட்டியாயிருச்சு. நல்லாத்தேன் இருக்கும். ஆனா எனக்குத் தெரியல. பெயிண்ட் அடிச்சுட்டேன்."

பேச்சியம்மா என் எடைக்கு ஒரு குத்துமதிப்பாகக் கல்லை அள்ளிப் போடச் சொன்னார். கடைசியாக இரண்டு கல்லைக் கூடவே போட்டார். பூண்டு வாசனைக்காக இருக்கலாம். பாதி ஆழத்துக்கு இறக்கினார்கள். நாக்கைப் பல்லில் போட்டார்கள். கையை விட்டார்கள். தட்டினார்கள்.

நாக்கு பிடித்தது.

எனக்கு உயிர் வந்தது. இரண்டாம் தடவை கொஞ்சம் ஏற்றி, கையை விட்டுத் தட்டினார்கள். அப்போதும் பிடித்தது. அடடா, அவசரப்பட்டு உண்மையைச் சொல்லித் தொலைத்தோமே என்று நான் வருத்தப்படத் தொடங்கினேன். மூன்றாம் தடவை கை தட்டும் சத்தத்தோடு 'டிக்' என்று இன்னொரு சத்தம் சேர்ந்து கேட்டது. பென்சில் முனை ஒடிகிற மாதிரி, அவ்வளவு சின்னதாக. கைப்பிடி பேய் மாதிரி சுழன்றது. தொட்டி கீழே விழுந்த சத்தம் கிணற்றுக்குள் இருந்து ஏறி வந்தது. அதற்கப்புறம் நாய்கூடக் குரைக்கவில்லை.

பேச்சியம்மா தரையில் கிடந்த பாதி நாக்கை எடுத்தார். முறிந்த முகம் கற்கண்டு மாதிரி மினுக்கியது. அதை என் கையில் வைத்தார்.

"காலை எடுத்தீகல்ல, அதுனால பொழைச்சீக. இத ஒங்க மேஸ்திரிகிட்டக் காட்டுங்க. நாளைக்கு மறுநா காலையில நாக்கு இங்கன இருக்கணும். ஏறுறதுக்கு நீங்களும் இருக்கணும்."

மூக்கையா மிச்சக் கடலைப் பொட்டலத்தை என் சட்டைப்பையில் வைத்தார். திட்டியிருந்தால் கூடத் தேவலை.

நான் பட்டறைக்குத் திரும்பியபோது ராவுத்தர் கல்யாணத்தில் இருந்து வந்துவிட்டார். சட்டையில் அத்தர் வாசனை. முறிந்த துண்டை வாங்கி முகத்தைப் பார்த்தார். வில்லுப் பட்டையில் மிச்சம் இருந்த 'சூ'வைப் பார்த்தார்.

"தம்பி, கொஞ்சம் வாங்க" என்றார்.

பாத்ரூம் பக்கம் போகக் கால் வரவில்லை.

"கேஸ்ல வெட்டுனது கூடப் பெரிய குத்தமில்லைங்க. தள்ளி வெட்டி, ஓரத்தத் தூக்கிப் போட்டுட்டு, பையப் பைய ஆற விட்டிருந்தா எதோ பண்ணிக்கலாம். உரமான இரும்பச் சிவக்க வச்சுத் தண்ணியில போட்டா என்னாங்க ஆகும்?"

"கண்ணாடியாப் போகுங்கய்யா."

"தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் எதுக்குங்க போட்டீங்க?"

"சத்தம் நல்லாருக்கும்யா."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றே பட்டையில் ஒரு துண்டை உலையில் சிவக்க வைத்து, காய்ந்த சாம்பலுக்குள் புதைத்தோம். அவசரமில்லாமல் மறுநாள் காலை வரை ஆறட்டும் என்று. காலையில் எடுத்தால் அரம் அதன் மேல் 'கரக்' என்று பிடித்தது. அந்தச் சத்தமும் நன்றாகத்தான் இருந்தது. 'கு' என்று நானே எழுதினேன். வரைந்த கோட்டுக்கு வெளியே சுற்றிலும் ஒட்ட ஒட்ட ஓட்டை போட்டு, ஓட்டைக்கு நடுவில் நிற்கிற இரும்பை உளியால் வெட்டி, பிறகு அரம். காலையில் இருந்து பொழுது சாயும்வரை அரம். உள்ளங்கையில் நாலு கொப்புளம். ஆம்லெட் மாதிரி சாயங்காலத்துக்குள் எல்லாம் ஒன்றாகிவிட்டது. பல்லில் விழுகிற முனையை மட்டும் சிவக்க வைத்து எண்ணெயில் முக்கினோம். எண்ணெய் சத்தமே போடாது; புகைக்கும், அவ்வளவுதான். முனையைப் பளபளப்பாகத் தேய்த்துவிட்டு, பின்பக்கம் இருந்து மெதுவாகச் சூடு காட்டினோம். இரும்பின் மேல் நிறம் ஓடி வரும். முதலில் வைக்கோல், அடுத்துப் பழுப்பு, அப்புறம் கத்தரிப்பூ. நான் எடுக்கப் போனேன். ராவுத்தர் என் மணிக்கட்டைப் பிடித்தார். மயில் கழுத்து நீலம் வந்ததும் கையை விட்டார். உரமும் இருக்கும், முறியாமலும் இருக்கும் இடம் அதுதான்.

மறுநாள் காலையில் ராவுத்தரும் கோம்பைக்கு வந்தார். என்னைத் தொட்டியில் ஏற்றிவிட்டு வேடிக்கை பார்க்க வருகிறார் என்று நினைத்தேன். பேச்சியம்மா வழக்கம்போல், "செஞ்சவுக யாரு?" என்றார். நான் ஏறினேன். தொட்டி இன்னொரு தடவை ஆடியது. திரும்பிப் பார்த்தால், ராவுத்தர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே நிற்கிறார்.

"நீங்க எதுக்குங்கய்யா?" என்றார் பேச்சியம்மா.

"வேல கத்துக் குடுத்தவன் நான். பாதி நாக்கு என்னுதும்மா."

இறக்கினார்கள். பாதி ஆழத்தில் நின்றது. மேலே வட்டமாக ஒரு தட்டு வானம், அதன் விளிம்பில் பேச்சியம்மாவின் தலை. கை தட்டும் சத்தம் கேட்டது. நாலு பேர் தட்டுவது கிணற்றுக்குள் நாற்பது பேர் தட்டுவது மாதிரி கேட்கும். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். என் சட்டைக் காலரை யாரோ முறுக்கிப் பிடிப்பது தெரிந்தது. எனக்குத் தைரியம் சொல்கிறார் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தால், ராவுத்தரின் கண்ணும் மூடித்தான் இருந்தது.

இரண்டாவது தட்டு. மூன்றாவது தட்டு. தொட்டி அசையவில்லை.

அடிவரைக்கும் கொண்டுபோய் விட்டார்கள். ஈரப் பாறை. மேலே இருந்து பேச்சியம்மாவின் குரல் வந்தது: "ரெண்டு பேரும் செத்த அங்கனயே இருங்க! நாங்க கஞ்சி குடிச்சுட்டுத் தூக்குறோம்!" மேலே ஒரே சிரிப்பு. நாயும் சேர்ந்துகொண்டது.

ராவுத்தர் ஒரு கல்லில் உட்கார்ந்தார். சட்டைப்பையில் இருந்த கடலையை நீட்டினேன். இரண்டு கடலையை மென்றுவிட்டு, "ஏலே பாண்டி" என்றார். மூன்று நாளுக்குப் பிறகு முதல் ஏலே.

"அய்யா?"

"அந்தச் சுர்ர்ச் சத்தம் இருக்குல்ல... சின்ன வயசுல நானும் போட்டு ஒரு மாட்டு வண்டி அச்ச ஒடச்சிருக்கேன்லே. யாருகிட்டயும் சொல்லிராத."

இத்தனை வருஷம் சொல்லவில்லை. இப்போது ஆண்டு மலருக்குப் பக்கம் போதவில்லை என்கிறார்கள், அவரும் மன்னிப்பார்.

கஞ்சி முடிந்து தூக்கினார்கள். ஏறும்போது அந்த நாக்கு பல் பல்லாக விழுந்து பிடிக்கிற சத்தம், டக், டக், டக் என்று தலைக்கு மேல் கேட்டுக்கொண்டே வந்தது. மேலே வந்ததும், பாராட்டாக நாலு வார்த்தை சொல்வார்கள் என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். பேச்சியம்மா, "எடத்தக் காலி பண்ணுங்க, வேல கெடக்கு" என்றார்.

லேசரா தண்ணீரா என்று கேட்ட தம்பிகளுக்கு, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அன்று நான் நகர்ந்ததும் மூக்கையா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பீடியைக் காலால் அணைத்துவிட்டு, மகள் முந்தின நாள் தானாக நாலடி நடந்துவிட்டாள் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே தொட்டிக்குள் ஏறினார். நாக்கை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.